உண்ணி கழற்றும் கொக்கி: யாழ்ப்பாணத்து வளவுக்கும் ஸ்காபரோப் பயணத்துக்கும்

பச்சைப் பிளாஸ்டிக்கில் இரண்டு கொக்கிகள், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பிரான்சில் செய்யப்படும் ஓ-டொம் டிக் ட்விஸ்டர் பொதிக்குள் இருப்பது இவ்வளவுதான். மின்கலமும் இல்லை, மருந்தும் இல்லை. நாய்க்கு ஒரு மாதத்துக்குக் கொடுக்கும் மெல்லும் குளிசை ஒன்றின் விலைகூட இதற்கு வராது. யாழ்ப்பாணத்தில் இது இரண்டு விதமான வீடுகளுக்குத் தேவைப்படும். ஒன்று, நாய் வளர்க்கிற வீடு. மற்றது, கோடையில் பிள்ளைகளிடம் கனடாவுக்கோ சுவிசுக்கோ ஜேர்மனிக்கோ போய் இரண்டு மூன்று மாதம் நின்று வருகிற அம்மா அப்பா இருக்கிற வீடு. இரண்டாவது வீட்டுக்கு இது முக்கியம். உண்ணிக் கடியால் தொற்றும் பக்டீரியா நோயான லைம் நோயைப் பரப்பும் உண்ணி அங்கேதான் இருக்கிறது.

முடிவை முதலே சொல்லிவிடலாம்: வாங்குங்கள். ஆனால் பாவிக்கும் முறை தெரியாவிட்டால் ஊசியால் கிளறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இராது. பொதியில் இருக்கும் படம் முறையைக் காட்டுகிறதே தவிர, அது ஏன் அப்படி என்று சொல்வதில்லை.

நுளம்பு குத்திவிட்டுப் பறந்துவிடும். உண்ணி அப்படி இல்லை. ஒரே இடத்தில் நாட்கணக்காக இருந்து குடிக்கும். அதன் வாய்ப்பகுதியில் பின்நோக்கிச் சாய்ந்த முட்கள் இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கடினம். எங்கள் வளவுகளில் நாயில் காண்கிற மண்ணிற உண்ணிக்கு வாய் கட்டை. அந்தக் குறையை ஈடுகட்ட அது சீமெந்து போல இறுகும் ஒரு பசையைச் சுரந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதைக் கழற்றும்போது வாயில் வெள்ளையாகச் சிறு துணுக்கு ஒட்டிக்கொண்டு வரும். அது அந்தப் பசையும் மேல்தோலுமாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. லைம் பரப்பும் கருங்கால் உண்ணிக்கு வாய் நீளம், ஆழமாக இறங்கும். அதைக் கண்டபடி இழுத்தால் வாய் அறுந்து தோலுக்குள் நின்றுவிடும்.

கொக்கியின் பிளவு முன்னால் அகன்று உள்ளே போகப் போக ஒடுங்கும். பருத்த உண்ணிக்குப் பெரிய கொக்கி, குஞ்சு உண்ணிக்குச் சின்னக் கொக்கி. மேலிருந்து அழுத்தக்கூடாது. தோலோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். உண்ணி பிளவின் ஒடுங்கிய இடத்தில் சிக்கி இனி உள்ளே போகாது என்று ஆனதும், மிக இலேசாக, தோல் ஒரு துளி கூம்பி எழும்பும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். பிறகு கைபிடியை இரண்டு விரலுக்குள் உருட்டிச் சுழற்ற வேண்டும். இடமோ வலமோ எந்தப் பக்கமும் சுழற்றலாம், ஆனால் தொடங்கிய பக்கத்தை மாற்றக்கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் பிடி தளர்ந்து உண்ணி தானாகக் கொக்கியில் வந்துவிடும். சுழற்றும்போது இழுக்கக்கூடாது. பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான்: சுற்றில் பொறுமை இல்லாமல் கையை மேலே தூக்கிவிடுவார்கள்.

கூர்முனைச் சாவணம் வேறு முறை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதும் அதைத்தான்: தோலோடு ஒட்டி, உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, ஒரே சீரான விசையில் நேராக மேலே இழுப்பது. அதில் திருகக்கூடாது. கொக்கி என்றால் சுழற்று, இழுக்காதே. சாவணம் என்றால் இழு, சுழற்றாதே. இரண்டையும் கலந்தால் வாய் அறும். முறையாகச் செய்தால் இரண்டுமே நல்லவை. அப்படியிருக்க எதற்குக் கொக்கி? சாவணத்துக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும், கை நடுங்கக்கூடாது, வயிற்றை நசுக்காமல் தலையை மட்டும் பிடிக்கத் தெரிய வேண்டும். கொக்கி உண்ணியின் வயிற்றை நசுக்காது. அறுபது வயதுக்கு மேற்பட்ட கண்ணுக்கும் கைக்கும் அதுவே ஏற்றது. புருவம் பிடுங்கும் தட்டை முனைச் சாவணத்தை இதற்கு எடுக்கவே வேண்டாம். அது உண்ணியின் உடலையே அமத்தும். கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் நகைவேலை செய்பவர்கள் பாவிக்கிற ஊசிமுனைச் சாவணம் போன்ற ஒன்றுதான் கொக்கிக்கு உண்மையான மாற்று. கட்டிப்போட்டாலும் ஆடுகிற நாய்க்கு அந்தக் கூர்முனை ஆபத்து என்பதையும் மறக்கக்கூடாது.

இனி இந்தக் கொக்கியின் குறைகள். சடைநாயில் மயிர் பிளவுக்குள் புகுந்து சுற்றும். முதலில் மயிரைத் தண்ணீரால் நனைத்து இரண்டாகப் பிரித்துவிட்டுத்தான் கொக்கியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் கத்தும், அடுத்த முறை கிட்ட வராது. கால்விரல் இடுக்கில் கைபிடி சுழல இடம் போதாது. விரல்களை ஒருவர் விரித்துப் பிடிக்க மற்றவர் சுழற்ற வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வந்த ஆறுகால் குஞ்சுகளை, அவை தூள் போலக் கொத்தாக ஏறியிருந்தால், சின்னக் கொக்கிகூடப் பிடிக்காது. இன்னும் கடிக்காமல் ஊர்கிறவற்றை ஒட்டும் ரேப்பில் ஒற்றி எடுப்பதே வழி. இணையத்தில் மலிவாக வரும் கோப்பிகளை நம்பவேண்டாம்: அவற்றில் முனை தடித்திருக்கும், பிளவு கடைசிவரை ஒடுங்காது. பெரிய உண்ணி கழரும். கருங்கால் உண்ணியின் குஞ்சு அதற்குள்ளால் வழுகிப்போகும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிளவின் அடியைப் பாருங்கள். ஒரு தலைமயிர்கூட அங்கே இறுகிச் சிக்க வேண்டும்.

வாய் அறுந்து உள்ளே நின்றுவிட்டால் ஊசியால் கிண்டவேண்டாம். சாவணத்தில் சுலபமாக வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் விட்டுவிடுங்கள். உடல் இல்லாத வாய் நோயைப் பரப்பாது, தோல் அதைத் தானே தள்ளிவிடும். கிண்டினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும், பிறகு அந்தச் சிவப்பு லைமின் அடையாளமா கிண்டிய காயமா என்று வைத்தியருக்கும் விளங்காது. கழற்றிய இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி ஸ்பிரிட் பூசினால் போதும். உண்ணியை நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட் உள்ள சின்னப் போத்தலில் போடுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் அது சாகாது.

எங்கள் ஊரில் உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவார்கள், நல்லெண்ணெய் விடுவார்கள், கொள்ளிக்குச்சியால் சுடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்: அது தானாகப் பிடியை விடவேண்டும். அது விடாது, மூச்சு அடைபடவும் நேரமெடுக்கும். அந்த நேரம் முழுக்க அது தோலுக்குள்தான் இருக்கும். லைமைப் பொறுத்தவரை கணக்குப் பார்ப்பதே அந்த நேரத்தைத்தான். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டாலே கொக்கி வாங்கிய காசு வந்துவிடும்.

நாய் இருக்கிற வீட்டில் கொக்கி மட்டும் போதாது

மண்ணிற உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயில் கழிப்பதில்லை. குடித்துப் பருத்த பெண் உண்ணி விழுந்து, சுவர் வெடிப்பிலோ கூட்டின் பலகை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது மேல்நோக்கி ஏறும் பழக்கமுள்ளது, அதனால் நிலத்தை மட்டும் கூட்டினால் போதாது. கதவு நிலை, யன்னல் விளிம்பு, கூட்டின் கூரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். சாக்கு விரித்துப் படுக்கவிட்டால் அந்தச் சாக்கை மாற்றுங்கள்.

நாய்க்கு மருந்து என்று போனால் மிருக வைத்தியரிடம் மூன்று வகை கிடைக்கும். பிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில் மயிரைப் பிரித்துத் தோலில் விட வேண்டும், மயிரில் விட்டால் வீண். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் நாயைக் குளிக்க வார்க்கக்கூடாது. அபொக்சோலனர் மாதத்துக்கு ஒன்று, புளூரலனர் கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கொடுக்கிற மெல்லும் குளிசைகள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. உண்ணி கடித்த பிறகுதான் சாகும் என்பதையும், வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைக் கொடுக்கும் முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மூன்றாவது, மலிவானது, அமித்ராஸ் 12.5 சதவீதத் திரவம்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 மில்லிலீற்றர் கலந்து, நாயைக் குளிப்பாட்டிய பிறகு ஊற்றித் தேய்த்து, கழுவாமல் காயவிடுவது. கலந்ததை அன்றே பாவிக்க வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது. காயும்வரை நாய் நக்காமல் பார்க்க வேண்டும். அளவு கூடினால் நாய் சோர்ந்து விழும். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் பூனைக்கும் அமித்ராஸ் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் கையால் கலக்கவும் கூடாது.

எங்கள் நாய் உண்ணி லைம் பரப்புவதில்லை. ஆனால் நாய்க்கு அது பபேசியா, எர்லிக்கியா என்ற இரத்த நோய்களைக் கொடுக்கும். நாய் சாப்பாடு விட்டு, முரசு வெளுத்து, மூக்கால் இரத்தம் வந்தால் கொக்கியைத் தேடாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கனடா போகிறவர்களின் பைக்குள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் சனம் செறிந்து இருக்கிற இடங்களுக்குப் பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. அங்கே கருங்கால் உண்ணி நிலைகொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு நடந்துபோகவும் பிக்னிக் போகவும் பெற்றோர் அங்கே போகிற மே, யூன், யூலை மாதங்களில்தான் அதன் இளம்பருவமும் வெளியே வரும். அது 1 முதல் 2 மில்லிமீற்றர், கசகசா விதை அளவு. கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. உண்ணி பாயாது, பறக்காது, மரத்திலிருந்து விழாது. புல்நுனியிலும் சருகிலும் காலை நீட்டிக் காத்திருந்து உரசுகிறவரில் ஏறும். ஆகவே பாதையின் நடுவில் நடப்பதே பெரிய பாதுகாப்பு.

கால்சட்டையின் அடியைச் சொக்சுக்குள் செருகிச் சப்பாத்துப் போடுங்கள், வெளிர் நிறம் உடுத்தால் ஊர்வது தெரியும். சேலையும் செருப்புமாகப் பற்றைக்குள் இறங்கவேண்டாம். 20 சதவீத ஐகாரிடின் அல்லது 20 முதல் 30 சதவீத டீட் உள்ள பூச்சி விரட்டியைக் கணுக்காலிலும் சொக்சிலும் பூசலாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி உடுப்புக்கு மட்டும், தோலுக்கு இல்லை, ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு. இங்கே விவசாய மருந்துக்கடையில் கிடைக்கும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் செறிவுகளைத் தண்ணீரில் கலந்து உடுப்பில் தெளிக்க ஒருவரும் நினைக்கவேண்டாம். அவை பயிருக்குச் செய்தவை, கரைப்பான் வேறு, செறிவு வேறு.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை முதலில் தோய்க்கப் போடாதீர்கள். பேஸ்மென்றில் இருக்கும் உலர்த்தியில் கூடிய சூட்டில் 10 நிமிடம் ஓடவிட்டால் உண்ணி காய்ந்து செத்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்தால் அது தப்பிவிடும். இரண்டு மணித்தியாலத்துக்குள் குளித்து, உடம்பைத் தேடிப் பாருங்கள்: முழங்கால் மடிப்பு, கவட்டி, கமக்கட்டு, தொப்புள், காதுக்குப் பின்புறம், தலைமயிரின் ஓரம். எங்கள் பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டுகிற நாரிச் சுற்று, ஆண்களுக்குச் சாரம் முடிகிற இடம். உடுப்பு இறுகுகிற இடத்தில் ஏறிவந்த உண்ணி நின்றுவிடும். கண்ணால் பார்ப்பதோடு விரல்நுனியாலும் தடவிப் பாருங்கள், புதிதாக ஒரு சிறு பரு தட்டுப்பட்டால் வெளிச்சத்தில் பாருங்கள், கால் இருந்தால் அது உண்ணி.

லைமை உண்டாக்கும் பொரேலியா கிருமி உண்ணியின் குடலில் இருக்கிறது. இரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அது பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகரும். அதனால் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் கழற்றினால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. கொக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போகாமல் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

கழற்றிய உண்ணியைப் போத்தலில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். அதன் படத்தைக் கனடாவின் ஈடிக் (eTick) இணையத்தளத்துக்கு அனுப்பினால் எந்த இனம் என்று சொல்வார்கள். கருங்கால் உண்ணிதான், 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ இருந்திருக்கிறது, கழற்றி 72 மணித்தியாலம் ஆகவில்லை என்றால், பெரியவர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் 200 மில்லிகிராம் ஒரே தடவை கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு நிறையின் கிலோ ஒன்றுக்கு 4.4 மில்லிகிராம், 200ஐத் தாண்டாமல். ஒன்ராறியோவில் 2023 சனவரி முதல் மருந்துக்கடை மருந்தாளரே இதை எழுதிக்கொடுக்கலாம், ஆசுபத்திரி வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. குளிசையை ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்க வேண்டும், படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். பால்தேநீரோடும் இரும்புக் குளிசையோடும் எடுத்தால் மருந்து உடம்பில் ஏறுவது குறையும், இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் முதலே சொல்ல வேண்டும்.

இந்த ஒரு தடவை மருந்து தடுப்பு மட்டும். கடித்த 3 முதல் 30 நாள்வரை தோலைக் கவனிக்க வேண்டும். அடுத்த நாளே வந்து இரண்டு நாளில் மறையும் சிறு சிவப்புப் பரு கடியின் ஒவ்வாமைதான். லைமின் தடிப்பு நாட்கணக்கில் பரவும், 5 சென்ரிமீற்றரைத் தாண்டும், பெரும்பாலும் வலியும் அரிப்பும் இராது. படங்களில் காட்டுகிற வெள்ளைத் தோலில் அது சிவந்து, சிலருக்கு நடுவில் வெளுத்த வளையமாகத் தெரியும். எங்கள் தோலில் அப்படித் தெரியாமல் போகலாம்: கறுத்த, ஊதா கலந்த, கண்டிப்போன இடம் போல இருக்கும். நன்றாகத் தெரியாதென்றால் ஓரத்தைப் பேனையால் வட்டமிட்டுத் திகதி எழுதி, நாளுக்கு ஒருக்காப் படமெடுங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் வைத்தியரிடம் போங்கள். லைம் வந்தவர்களில் 70 முதல் 80 சதவீதமானோருக்கே தடிப்பு வரும், மற்றவர்களுக்குக் காய்ச்சலும் உடம்பு உளைவும் களைப்பும் மட்டும்.

தடிப்பு இருக்கும்போதே இரத்தப் பரிசோதனை செய்து லைம் இல்லை என்று வந்தால் நிம்மதி அடையவேண்டாம். எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரம் எடுக்கும், தடிப்பைப் பார்த்தே மருந்து தொடங்குவதுதான் முறை: டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தடவை, 10 முதல் 14 நாள், அல்லது அமொக்சிசிலின் 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை, 14 நாள். கிழமை, மாதம் கழித்து ஒரு பக்க முகம் கோணினால், முழங்கால் வீங்கினால், நெஞ்சு படபடத்துத் தலைசுற்றினால், அப்போது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவந்திருந்தாலும், எந்த மாதம் எங்கே நின்றீர்கள், உண்ணி கடித்ததா என்பதை வைத்தியரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். இங்கே லைம் அவர்களுடைய நினைவுக்கு முதலில் வருகிற நோய் இல்லை.

சுவிஸ், தென் ஜேர்மனி போகிறவர்களுக்கு இன்னொன்று: அங்குள்ள உண்ணி மூளைக்காய்ச்சல் வைரசையும் பரப்புகிறது. அது கடித்த சில நிமிடங்களிலேயே தொற்றும், கொக்கி எவ்வளவு விரைவாக வேலை செய்தாலும் பயன் இல்லை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நீண்டநாள் நிற்கப்போகிறவர்கள் அங்கே வைத்தியரிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது வேறு. அது பற்றைக்குள் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிக் குஞ்சு கடிப்பதால் வரும் ஸ்கிரப் தைபஸ். கடித்தது கண்ணுக்குத் தெரியாது, கொக்கிக்கு அங்கே வேலை இல்லை. மாரியிலும் அதன் பின்னும் தோட்டம், பனங்கூடல், பற்றை வெட்டும் வேலை செய்தவருக்குக் கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்தால், கமக்கட்டு, கவட்டி, நாரிப்பக்கம் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஆசுபத்திரியில் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். டொக்சிசைக்கிளினுக்கு அது நன்றாக அடங்கும்.

காதுக்குள் உண்ணி போனால் இந்தக் கொக்கியை உள்ளே விடவே கூடாது. எண்ணெயும் ஊற்றவேண்டாம். செவிப்பறை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் கருவியோடு பார்த்து எடுப்பார்கள்.

கொக்கியைச் சவர்க்காரத்தால் கழுவி ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். நாய்க்கு ஒரு சோடி, ஆட்களுக்கு இன்னொரு சோடி என்று தனியாக வாங்குங்கள். வெளிநாடு போகிறவர்கள் சின்னக் கொக்கியை மறக்காமல் எடுங்கள். அங்கே கடிக்கிறது பெரும்பாலும் குஞ்சுதான்.